பள்ளிக்கு முந்தைய ஆண்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குழந்தை வளர்ப்பு பெற்றோரின் கடமை. பள்ளியில் சேரும் வயதுக்கு முன்பே அரசு அதற்காக மக்கள் பணத்தைச் செலவிட வேண்டியது ஏன்?

பதில்: கடமை பெற்றோருடையது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கடமையைச் செய்வதற்கு வேண்டிய தடுப்பூசி, தூய குடிநீர், கர்ப்பகாலப் பரிசோதனை, ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு ஆகியவற்றை எந்தக் குடும்பமும் தனித்து ஏற்படுத்திக்கொள்ள முடியாது. காலமும் நமக்காகக் காத்திருப்பதில்லை. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. தாம் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறியாத நாள்கள் அவை. அது சரியாக மூடுவதற்குத் துணைபுரியும் ஃபோலிக் அமிலம் முன்கூட்டியே தாயின் உடலில் இருக்க வேண்டும் என்பதால்தான், மாவில் அதைக் கலக்க வேண்டும் என்று பல நாடுகள் சட்டமே இயற்றின. இரண்டு வயதுக்குள் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. பள்ளிக்கூட வாசலில் குழந்தையை முதன்முதலாகச் சந்திக்கும் அரசு, பெரும்பகுதி வேலை முடிந்த பிறகே வந்து சேர்கிறது.

கேள்வி: ஊட்டச்சத்துக்கு வழிசெய்தால் போதாதா? பேச்சும் விளையாட்டும் வீட்டில் தாமாகவே நடப்பவைதாமே?

பதில்: இந்தக் கேள்விக்கு ஜமைக்கா நாட்டில் நடந்த ஓர் ஆய்வு தெளிவான விடை தருகிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், 1986-87ஆம் ஆண்டுகளில் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் 9 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்ட வயதினர். ஒரு பிரிவினருக்குப் பால் சார்ந்த ஊட்டச்சத்து உணவு. இன்னொரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். நான்காம் பிரிவினருக்கு இரண்டும் இல்லை. வீட்டுக்கு வந்த பணியாளர், வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது, பாராட்டுவது என்பதைத் தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இது இரண்டு ஆண்டுகள் நடந்தது. அந்தக் குழந்தைகள் 22 வயதை அடைந்தபோது, பணியாளர் வந்துபோன வீடுகளில் வளர்ந்தவர்களின் வருவாய் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2014இல் வெளியான ஆய்வுக்கட்டுரை தெரிவித்தது. உணவு மட்டும் பெற்ற பிரிவில் அத்தகைய நீண்டகாலப் பயன் தென்படவில்லை.

இதைக் கொண்டு உணவு முக்கியமல்ல என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. குவாதமாலாவின் கிராமங்களில் 1969 முதல் 1977 வரை நடந்த மற்றோர் ஆய்வில், மூன்று வயதுக்கு முன் புரதச்சத்து மிகுந்த பானம் கிடைத்த ஆண் குழந்தைகள், வளர்ந்த பின் கூடுதலான கூலி ஈட்டினார்கள். உணவும் வேண்டும், உணவூட்டும் கை குழந்தையோடு பேசவும் வேண்டும். அந்தத் தாய்க்கு நேரமும், மன அமைதியும், வழிகாட்ட ஒருவரும் கிடைப்பதற்காகச் செலவிடும் பணத்தை வீண்செலவு என்று என்னால் ஒருபோதும் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லா இடங்களிலும் குழந்தைகள் காப்பகங்களைத் திறந்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல், நாளொன்றுக்கு 5 கனடிய டாலர் கட்டணத்தில் காப்பக வசதியைத் தொடங்கியது. தாய்மார் வேலைக்குச் செல்வது கணிசமாக உயர்ந்தது. அது பெரிய நன்மை. ஆனால் குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்ததைப் பொருளாதார அறிஞர்கள் கண்டறிந்தார்கள். இடங்களை விரைவாகப் பெருக்கும்போது தரம் பின்தங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஒரு பராமரிப்பாளரிடம் எத்தனை குழந்தைகள் விடப்படுகிறார்கள், அவருக்குப் பயிற்சி உண்டா, அடுத்த ஆண்டும் அதே பணியில் தங்கும் அளவுக்கு ஊதியம் தரப்படுகிறதா என்பவையே நான் முதலில் கேட்கும் கேள்விகள். கட்டடத் திறப்பு விழா நாளிதழில் படமாக வரும். பராமரிப்பாளரின் ஊதிய உயர்வு வராது. அதனாலேயே நிதி ஒதுக்கும்போது அது பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

கேள்வி: அரசு இதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதைக் குடிமக்கள் எப்படி அறிவது?

பதில்: பெரும்பாலான நாடுகளில் இந்தத் தொகை சுகாதாரம், கல்வி, சமூகநலம், தொழிலாளர் நலம் என்று பல துறைகளின் கணக்கில் சிதறிக் கிடக்கிறது. ஆகவே வரவுசெலவுத் திட்டம் வரும்போது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான செலவைத் தனியே கணக்கிட்டுக் காட்டும்படி உங்கள் பிரதிநிதியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அதில் பணியாளர்களின் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் சென்ற பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.