மாதக் கடைசியில் கையில் காசு இல்லை. திருகோணமலையில் சனி, ஞாயிறைப் பிள்ளைகளோடு எப்படிக் கழிப்பது?

மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, இரண்டு பிள்ளைகள், ஒரு சம்பளம், வாடகை போக மிச்சம் கொஞ்சம், சனிக்கிழமை விடிந்தால் "எங்கேயாவது போவம்" என்று பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் போய்வந்த இடங்களைச் சொல்லும்போது உங்கள் மகள் வாடிப்போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே கணக்கில் ஓடுகிறவன். பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். அதனால் இங்கே எது நடக்கும், எது காசைத் தின்னும் என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த ஊரில் பார்க்கிற இடத்துக்குக் காசு போவதில்லை. கடலுக்கு ரிக்கெட் கிடையாது. கோணேசர் கோயிலுக்கும் கிடையாது, கோட்டைக்குள் மேய்கிற மானுக்கும் கிடையாது. காசு போவது பசிக்கும் வெயிலுக்கும். பகல் பதினொரு மணிக்குப் பிள்ளைகளோடு உப்புவெளிக் கடற்கரையில் போய் நின்று பாருங்கள். முதலில் தாகம், சோடா. பிறகு ஐஸ்பழம். பிறகு பசி, சாப்பாட்டுக் கடை. சின்னவன் சோர்ந்துவிடுவான், பஸ்ஸுக்கு நிற்க ஏலாது, ஓட்டோ. கடலை ஒழுங்காகப் பார்த்திருக்கவும் மாட்டீர்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில் மத்தியானத்து வெக்கை என்னவென்று இனித்தான் உங்களுக்குத் தெரியவரும்.

அதனால் எங்கள் வீட்டில் இடத்தை யோசிக்க முதல் நேரத்தை யோசிப்போம். விடியற்காலை அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. நடுப்பகலில் வீட்டை விட்டு இறங்குவதில்லை. எப்படியும் சனிக்கிழமை ரியூசன், ஞாயிறு காலை அறநெறி வகுப்பு என்று பிள்ளைகளின் நேரம் வெட்டுப்பட்டுத்தான் கிடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வருடமென்றால் கேட்கவே வேண்டாம். முழுநாள் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். முழுநாள் பயணத்தில் பாதி நாள் பிள்ளைகளோடு சண்டை பிடிப்பதில்தான் போகும். இரண்டரை மணித்தியாலம் தாராளம்.

விடியற்காலை என்றால் கோணேசர் மலை. கோயிலுக்குப் போகிற வழக்கம் உங்களுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஏற்றத்தை ஒருமுறை ஆறுதலாக நடந்து ஏறுங்கள். போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் எடுத்துத்தான் கோட்டை கட்டினார்கள். மலைக்குப் போகிற வழியில் இருக்கிற அந்தக் கோட்டை வாசலில் கயல் மீன் பொறித்த பழைய கல் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளிடம் "மீன் எங்க இருக்கு, தேடுங்கோ" என்று விட்டுவிடுங்கள், கால் மணித்தியாலம் உங்களுக்கு ஓய்வு. உள்ளே புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பழகிப்போய் நிற்கும். கையில் பை இருந்தால் மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். ஷொப்பிங் பையோடு எதையும் கொடுக்க வேண்டாம், அப்படியே விழுங்கிவிடும்.

மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்றால் கடல் காலடியில் நேர் கீழே. பங்குனியில் இருந்து ஆவணி வரைக்கும் இந்தக் கடலில் நீலத்திமிங்கிலம் வரும். படகில் போய்ப் பார்க்க நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாது. ஆனால் கடல் அமைதியாக இருக்கிற காலையில் மலையில் நின்றபடியே தூரத்தில் அது மூச்சு விடுவதைச் சிலவேளை காணலாம். தண்ணீரின் மேல் வெள்ளையாக ஒரு ஆவி எழும்பி மறையும், அவ்வளவுதான். பல நாள் ஒன்றும் தெரியாது. என் மகன் ஒவ்வொரு தரமும் "கண்டிட்டன்" என்பான். மகள் நம்பமாட்டாள். இறங்கி வரும்வரை அந்த வழக்கு ஓடும்.

ஒரேயொரு எச்சரிக்கை, ஏற்றப் பாதையின் இரு பக்கமும் இருக்கிற கடைகள். வளையல், பிளாஸ்டிக் துவக்கு, நீர்க்குமிழி ஊதுகிற குப்பி. ஏழு மணிக்கு முன் போனால் அனேகமானவை பூட்டு. காலையில் போவதற்கு சூரியோதயத்தை விட இது நல்ல காரணம்.

சில்லறைச் செலவுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, காசை மகளிடம் கொடுத்துவிடுவது. வெளிக்கிட முதல் அன்றைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சின்னப் பேர்சில் போட்டு அவள் கையில். பஸ் காசு, தேத்தண்ணி, தம்பியின் ஐஸ்பழம் எல்லாம் அவள் பொறுப்பு. மிஞ்சினால் உண்டியலுக்குள். பதினொரு வயசுப் பிள்ளை, ஆனால் வங்கி மனேஜர் கூட இவ்வளவு கறாராக இருக்கமாட்டார். போன மாதம் நான் டச்சு வளைகுடாக் கரையில் ஒரு பிளேன்ரீ குடிப்போம் என்றேன்.

"வீட்ட போய்க் குடியுங்கோ அப்பா. இண்டைக்கு நீங்கள் ஏற்கெனவே கச்சான்கடலை வாங்கிட்டீங்கள்."

மனைவி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவளுக்கு அன்றைக்கு ரோல்ஸ் மறுக்கப்பட்டிருந்தது.

சாப்பாடு வீட்டில் இருந்துதான் போகவேண்டும், இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பின்னேரத்துக்கு அவித்த கடலை, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்தது. காலைக்கு ரொட்டியும் கட்டுச்சம்பலும். பிட்டு காற்றில் உலர்ந்துபோகும், இடியப்பம் வெக்கைக்குப் புளிக்கும், இரண்டையும் கட்டாதீர்கள். தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று. வெறும் வயிற்றோடு மட்டும் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போகிற பிள்ளை கடையைப் பார்க்கும், கேட்காது.

இனி எனக்கு மிகப் பிடித்ததைச் சொல்கிறேன். போயா தினம், அதாவது பூரணை நாள். லீவு நாள், ரியூசனும் அனேகமாக இருக்காது. நம் நகரம் இரண்டு தண்ணீருக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற நிலம். மேற்குப் பக்கம் உள்துறைமுகம், கிழக்குப் பக்கம் டச்சு வளைகுடா. ஒன்றில் இருந்து மற்றதற்குப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே நடந்துவிடலாம். பூரணை அன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டித்தான் நிலவு எழும்பும். ஆகவே ஐந்தரைக்கு உள்துறைமுக வீதிக்குப் போய், மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பாருங்கள். அங்கே தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், கப்பல் நின்றால் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது. சூரியன் போனதும் ஊரைக் குறுக்கே கடந்து டச்சு வளைகுடாவுக்கு நடங்கள். போய்ச் சேர, கடலுக்குள் இருந்து செம்மஞ்சளாக நிலவு வெளியே வந்திருக்கும், அல்லது வரப்போகும். முகில் இருந்தால் அதிர்ஷ்டம் இல்லை. ஒரே பின்னேரத்தில் ஒரு நீரில் சூரியன் இறங்க, மற்ற நீரில் நிலவு ஏறுவதை நடந்தே போய்ப் பார்க்கிற ஊர் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்ற காலத்தில், மோட்டார் சைக்கிளை வீட்டில் பூட்டிவிட்டு நடந்து திரிந்தபோதுதான் இந்த வழக்கம் எங்களுக்கு வந்தது. இப்போது பெற்றோல் இருக்கிறது, ஆனாலும் நடக்கிறோம். வீட்டு நிலையான செலவில் கை வைக்காமல் மீதப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே இடம் அந்தப் பெற்றோல் டாங்கிதான்.

அப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு போவோம். அவவுக்கு மணலில் நடக்க ஏலாது, வீதியோரக் கட்டின் மேல் இருந்துகொள்வா. பிள்ளைகளை வைத்துக்கொண்டு தன் சின்ன வயதில் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூதூருக்கு லோஞ்சில், அதாவது மோட்டார் படகில், போன கதை சொல்லுவா. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள், அதற்கு முதல் அந்தப் பக்கம் போவதென்றால் படகில் தண்ணீரைக் கடக்க வேண்டும். மகனுக்கு அந்தக் கதையில் லோஞ் தாழவேண்டும் என்று ஆசை. ஒருநாளும் தாழவில்லை என்று அவனுக்குக் குறை.

கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை கரைவலை. அலை அடங்கிய மாதங்களில் உப்புவெளி, சல்லி, நிலாவெளிப் பக்கம் காலையில் இழுப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து, ஒரே குரலில் அம்பா என்கிற மீனவர் பாட்டைப் பாடிக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்கு நடப்பார்கள். கேட்டுவிட்டுப் போய்க் கயிற்றில் கை வையுங்கள், யாரும் துரத்தமாட்டார்கள். மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு வரும்போது பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், திருக்கை, முள் மீன் எல்லாம் வரும். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் அந்த இடத்திலேயே சூடை மீனோ கீரி மீனோ வாங்கினால் சந்தையில் கேட்கிற விலை இராது. இழுக்கக் கை கொடுத்தவர் என்று சிலவேளை ஒரு பிடி சும்மாவும் போடுவார்கள். அன்றைக்கு மத்தியானச் சோறு சூடை மீன் பொரியலும் சொதியும். உல்லாசமும் சமையல் சாமானும் ஒரே செலவில் முடிகிறது.

கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒருமுறை போங்கள். ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. எது கூடச் சூடு என்று பிள்ளைகளை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், ஆளுக்கொரு தீர்ப்பு வரும். அனுராதபுர வீதியால் போகிற பஸ்ஸில் ஏறிச் சந்தியில் இறங்கி உள்ளே நடக்கவேண்டும். உல்லாசப் பயணிகளின் பஸ்கள் வந்து நின்றால் வாளிக்குச் சண்டை, தண்ணீரும் குறைந்துவிடும், ஆகவே காலையோடு போய்விடுங்கள்.

நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கிற யுத்த மயானத்தை யாரும் சிபாரிசு செய்யமாட்டார்கள், நான் செய்வேன். இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் கல்லறைகள், வெட்டி ஒழுங்காக்கிய புல், நிழல், சத்தமில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டதைப் பாடப்புத்தகத்தில் படித்தால் மகள் மறந்துவிடுவாள். கல்லில் பொறித்த வயதுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனவள், "அப்பா, இவருக்கு எங்கட சித்தப்பாவின்ர வயசு" என்று நின்றுவிட்டாள். சின்னப் பிள்ளைகளை ஓடி விளையாட மட்டும் அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

புறாத்தீவு அழகுதான். 2003இல் இருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறை, கண்ணாடி மாதிரித் தண்ணீர். ரிக்கெட்டும் படகுக்கூலியும் சேர்ந்தால் நம் மாதக் கணக்கு குழம்பிவிடும். படகு முழுவதற்கும் சேர்த்துத்தான் கூலி பேசுவார்கள் என்பதால், இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டு வருடத்தில் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சீசனுக்குக் கொழும்பில் இருந்து சொந்தங்கள் வருவார்கள், உங்களுக்கும் இனி வருவார்கள். வருடம் முழுக்கச் சேமித்தது அந்த ஒரு கிழமையில் போகும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. கோணேசர் மலைக்கு மட்டும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், மற்ற இடங்களுக்கு வழி சொல்லி அனுப்புங்கள்.

மகளின் வாட்டத்தைப் பற்றி. என் மகளும் ஒருநாள் அப்படித்தான் வந்தாள், கூட்டாளிப் பிள்ளை நுவரெலியா போய் வந்துவிட்டதாம். "எங்கட ஊருக்குத்தானே வெளிநாட்டுக்காரரே வருகினம்" என்று சமாதானம் சொன்னால் அந்த வயதில் எடுபடாது. நான் சம்பளக் கணக்கைக் கொப்பியில் எழுதி அவளுக்குக் காட்டினேன். வாடகை, கரண்ட், அரிசி, ரியூசன், அப்பம்மாவின் மருந்து. பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரயிலில் போனால் எவ்வளவு வரும் என்று கேட்டாள். இப்போது உண்டியல் நுவரெலியாவுக்கென்று சேர்கிறது. எப்போது நிறையும் என்று தெரியாது, ஆசையும் போய்விடவில்லை. ஆனால் காசு எங்கே போகிறது என்று தெரிந்த பிள்ளை அப்பாவைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிடும். பேர்ஸ் அவள் கைக்குப் போனதும் அன்றைக்குத்தான்.

ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றும் மழையும். தை வரைக்கும் கடலில் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம், அலை இழுத்துவிடும். அந்த மாதங்களுக்கு ஒரு கரம்போர்ட் வாங்குங்கள், பழையது போதும். மழை கொட்டுகிற சனிக்கிழமைகளில் நாங்கள் நாலு பேரும் மரவள்ளிக்கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு அதில்தான் இருப்போம், அப்பம்மா நடுவர். பவுடர் முடிந்துவிட்டதென்று கோதுமை மாவைப் போட விடாதீர்கள், அடுத்த நாள் பலகை முழுக்க எறும்பு.