அரியமான் மணலில் ஓடினால் இடது முழங்கால் வெளிப்பக்கம் வலி

ராமநாதபுரம் பக்கத்து அரியமான் கடற்கரையில் ஓடி முழங்கால் வலிக்குது, நாலு வாரத்தில் அரை மராத்தான் (21.1 கி.மீ. ஓட்டம்) இருக்கு, ஷூவை மாத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. ஷூவை மாத்த வேண்டாம், முதல்ல பாதையை மாத்துங்க. போகும்போது கடலோர மணல், கடல் இடப்பக்கம். திரும்பும்போது ரோட்டின் இடது ஓரம்னு எழுதியிருக்கீங்க. கரை கடலை நோக்கிச் சரியும், தார் ரோடும் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரியும். ஆக 10 கி.மீ. முழுக்க உங்க இடது கால்தான் பள்ளத்தில் ஊன்றுது. 5 கி.மீ. தாண்டினதும் வலி எடுக்குதுன்னா, தொடையின் வெளிப்பக்கமா முழங்காலுக்குக் கீழே இறங்கும் பட்டை உரசப்பட்டிருக்கலாம்.

சோதிச்சுப் பாருங்க: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூட்டுக்குச் சற்று மேலே வெளிப்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தியபடி காலை மெதுவா நீட்டுங்க. முழுசா நீட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சுமார் 30 டிகிரியில் சுருக்குன்னா பெரும்பாலும் அதுதான்.

ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம், நடக்கலாம். ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்குங்க, 15 தடவை, 3 சுற்று. பிறகு சமதளத்தில் 2 கி.மீ., ஓடும்போது காலடி வைக்கிற தூரத்தைக் கொஞ்சம் குறுக்கி. மணல்தான் வேணும்னா கடல் வற்றின நேரம் ஈர மணலில் போய் அதே வழியில் திரும்புங்க. அரியமான் இருக்கிற பாக் விரிகுடாப் பக்கம் வற்றம் குறைவு, தட்டையான மணல் அகலமா கிடைக்காது.

வீக்கம், மூட்டு பூட்டிக்கிறது, நடக்கும்போதே வலி இருந்தா இது வேற, டாக்டரைப் பாருங்க. நாலு வாரத்தில் வர்ற அந்த 21.1 கி.மீ. ஓட்டத்தை ஓடி முடிக்கலாம், ஆனா 2 மணி நேர இலக்கை இந்தத் தடவை விட்டுடுங்க.