சில்லு வைத்த வீடு: கேள்வி-பதில்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் வளவில் நிறுத்துவதற்கு 20 அடியில் சில்லு வீடு ஒன்று செய்யக் கொடுக்கப் போகிறேன். நீளம், அகலம், உள்ளே வரும் சாமான் எல்லாவற்றையும் செய்பவர் தாளில் எழுதித் தந்துவிட்டார். வேறென்ன கேட்க வேண்டும்?
– கல்லடி

எடை எவ்வளவு என்று கேளுங்கள், டீச்சர். இந்த வியாபாரத்தில் குசினிப் பலகையின் நிறம் வரை சொல்வார்கள். எடையை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எனக்கு இது தீராத கோபம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மரச்சட்டம், பிளைவூட், யன்னல், கதவு எல்லாம் சேர்ந்தால் 20 அடி வீடு 4 தொன் அளவுக்கு வந்துவிடும். டபுள் கப் வாகனங்கள், மாடலைப் பொறுத்து, 2.5 முதல் 3.5 தொன் வரைதான் இழுக்கும். அதுவும் பின்னால் வருவதற்குத் தனி பிரேக் இருந்தால். பிரேக் இல்லை என்றால் பெரும்பாலும் 750 கிலோதான் எல்லை. 500 லீட்டர் தாங்கியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே அரைத் தொன். அந்தத் தாங்கி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் வாகனத்தில் கொளுவும் இடத்தில் விழ வேண்டும். தாங்கி, குசினி, குளியலறை எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளினால் முன்பக்கம் இலேசாகி, வேகம் பிடித்ததும் வீடு இரு பக்கமும் வாலாட்டத் தொடங்கும்.

இன்னொன்று, அச்சு. பழைய டிரெக்டர் பெட்டியின் அச்சை வெட்டி ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது நெல் மூட்டையை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் பெட்டியின் அச்சு. வீட்டின் பாரம் இறங்குவதே இல்லை. அச்சு எத்தனை தொன் தாங்கும், முடிந்த வீட்டின் எடை எவ்வளவு, இரண்டையும் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் லொறி நிறுக்கும் தராசில் ஏற்றி, அந்தத் துண்டைப் பார்த்த பிறகு கடைசிக் காசைக் கொடுங்கள். றோட்டில் இழுப்பதானால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாக வேண்டும். யார் பதிவது, யார் பெயரில் என்பதும் அதே தாளில் வரட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி. உங்கள் வளவிலேயே நிற்கப் போகிற வீட்டுக்குச் சில்லு எதற்கு? இந்த மோகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பலர் சில்லு வைத்தது ஊர் சுற்ற அல்ல. கட்டட விதிகள் மிகச் சின்ன வீட்டை அனுமதிக்கவில்லை, சில்லு வைத்தால் அது வாகனக் கணக்கில் போய்விடும். அங்கேயே மாதிரிக் கட்டட விதியின் 2018 பதிப்பில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென்று தனிப் பின்னிணைப்புச் சேர்த்துவிட்டார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லையென்றால் அச்சுக்கும் டயருக்கும் போகிற காசில் அத்திவாரம் போடுங்கள்.

மாடிப் படுக்கை வைத்தால் கீழே இடம் மிச்சம் என்கிறார்கள். சரியா?
– களுவாஞ்சிகுடி

இடம் மிச்சம்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரைக்கு ஓரடி கீழே நீங்கள் படுத்தால்தானே? மாடியைச் சாமான் வைக்க விட்டுவிட்டுக் கீழே பாய் விரியுங்கள். சுவரோடு மடங்கும் கட்டில் என்று யாராவது சொன்னாலும் கவனம். நான் ஒன்று வாங்கினேன், மெத்தையையும் நுளம்பு வலையையும் போட்ட பிறகு அது மடங்க மறுத்துவிட்டது. இப்போது அதன்மேல் பழைய பத்திரிகைகள் தூங்குகின்றன.

முக்கால்வாசிக் காசு கொடுத்துச் செய்வித்தோம். முதல் மழைக்கே கூரை மூட்டிலும் யன்னல் ஓரத்திலும் ஒழுகி, நிலப் பலகை ஊதிவிட்டது. செய்தவர் இப்போது போன் எடுப்பதில்லை. உத்தரவாதம் என்று எழுத்தில் ஒன்றும் இல்லை. முற்பணத்துக்கு ஒரு துண்டும், வங்கியில் போட்ட சீட்டும் மட்டும் இருக்கின்றன. பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருக்கிறோம்.
– ஆரையம்பதி

தங்கச்சி, பிழை உங்கள் பக்கம் இல்லை. இருக்கிற துண்டும் சீட்டும் போதுமான தொடக்கம், அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, எழுதிக் கொடுத்த உத்தரவாதத்துக்கு மட்டும் அல்ல, சொல்லாமலே விளங்கும் உத்தரவாதத்துக்கும் முறையிடலாம். வீடு என்று விற்றது ஒழுகக் கூடாது என்பதை யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி 3 மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் இந்த வாரமே எழுதுங்கள். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே, எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள். விசாரணையில் உங்கள் பக்கம் நியாயம் என்று கண்டால் நட்டஈடோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ உத்தரவிட அதிகாரசபைக்கு முடியும்.

அதற்கு முன், பழுதுகளை ஒவ்வொன்றாக எழுதி, திருத்தித் தர ஒரு திகதியும் குறித்து, செய்தவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். ஊதிய பலகையை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம், மழை நேரத்தில் ஒழுகுவதை வீடியோ எடுங்கள். கூரைக்குத் தறப்பாள் போட்டால் அந்தச் செலவின் பில்லையும் சேர்த்து வையுங்கள். மத்தியஸ்த சபை என்ற வழியும் இருக்கிறது, செலவு குறைவு. என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அறுகம்பே சீசனுக்குக் கடற்கரையில் இரண்டு சில்லு வீடு விட்டு வாடகைக்குக் கொடுக்க எண்ணம். சில்லு இருந்தால் அனுமதி ஒன்றும் தேவையில்லை என்று விற்பவர் சொல்கிறார்.
– பொத்துவில்

தண்டம் வந்தால் அவர் கட்டுவாரா? உயர் அலைக் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம், 1981 ஆம் ஆண்டுச் சட்டம் அது. நீங்கள் மலசலகூடக் குழி வெட்டுவீர்கள், சீமெந்துத் தளம் போடுவீர்கள், அதற்கெல்லாம் சில்லு இல்லையே. கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு முற்பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

20 அடிக் கொள்கலன் ஒன்று படத்தைப் பார்த்து வாங்கிவிட்டேன், சேர். நேரில் வந்தபோது கீழே ஒரே துரு. இதற்குச் சில்லு பூட்டி வீடாக்க முடியுமா?
– அக்கரைப்பற்று

மாடு வாங்கினால் பல்லைப் பார்க்கிறோம். இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிற இரும்புப் பெட்டியின் அடியைக் குனிந்து பார்க்க என்ன தடை? வெறும் பெட்டியே 2 தொன்னுக்கு மேல். உள் அகலம் 2.35 மீட்டர், வெயிலைத் தடுக்க இரு பக்கமும் பலகை அடித்தால் அதிலும் குறையும். கீழ்ச் சட்டம் உக்கியிருந்தால் சில்லைப் பூட்டும் பேச்சே வேண்டாம். கல்தூணில் இருத்திச் சாமான் அறையாக்குங்கள். ஆட்கள் படுப்பதானால் நிலப் பலகையை மாற்றுங்கள், கொள்கலன் பலகைக்குப் பூச்சி மருந்து ஏற்றியிருப்பார்கள்.

சோலார் வைத்து ஏசி ஓடுமா? 12 வோல்ட் சின்னப் பிரிட்ஜ் போதுமா?
– நிந்தவூர்

ஏசி ஓடும், பட்டரிக்குக் கொடுக்கிற காசுக்கு இன்னொரு வீடு வாங்கலாம். பிரிட்ஜ் என்றால் கொம்பிரசர் உள்ளதா என்று கேளுங்கள். கொம்பிரசர் இல்லாத பெட்டி வெளிச் சூட்டை விட 15, 20 பாகைதான் குறைக்கும். வெளியே 34 என்றால் உள்ளே எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். நான் கழித்துப் பார்க்காமல் வாங்கியவன், அந்த வாரம் வாங்கிய மீன் முழுக்கப் பூனைக்குப் போனது.

வெள்ளம் வந்தால் வீட்டை இழுத்துக்கொண்டு போகலாம்தானே?
– கிரான்

வருவதற்கு முதல் நாள் போகலாம், டயரில் காற்று இருந்தால். வந்த பிறகு டிரெக்டரும் சேர்ந்து புதையும். கார்த்திகைக்கு முன் டயரைப் பாருங்கள், வீட்டை நாலு பக்கமும் நிலத்தோடு இழுத்துக் கட்டுங்கள். 1978 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள், கயிறு போதுமா சங்கிலி வேண்டுமா என்று அவர்களிடம் கேளுங்கள்.