மேல்நிலைப் படிப்பா, கூடைப்பந்தா? கடலூர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகன், ஆறடியைத் தாண்டிவிட்ட தைரியத்தில், பதினொன்றாம் வகுப்பில் சேராமல் நாள் முழுவதும் அண்ணா விளையாட்டரங்கத்தில் கூடைப்பந்து ஆடப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறான் என்றும், தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலைதோறும் கூடும் உங்கள் தம்பியும் நண்பர்களும் அமெரிக்காவில் ஆடிப் புகழ்பெற்ற நைஜீரியக் கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவானின் பெருமையைப் பேசிப் பேசியே அவனை ஏற்றிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. 1963-இல் லாகோஸில் பிறந்து, கால்பந்தில் கோல்கீப்பராக நின்று, பதின்வயதின் நடுவில்தான் கூடைப்பந்தைத் தொட்ட அவர், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் 1984-ஆம் ஆண்டுத் தேர்வில் மைக்கேல் ஜோர்டானுக்கும் முன்னதாக, முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார்.

ஆனால் ரசிகர்கள் 1980-க்கும் 1984-க்கும் இடைப்பட்ட காலத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் மகனுக்கு வேண்டியது அந்த நான்கு ஆண்டுகள்தான். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவத்தில் ஒலாஜுவான் களத்தில் இறங்கவே இல்லை. அடுத்த பருவத்திலும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்தான். கோடை விடுமுறைகளில் அவ்வூரின் பொது விளையாட்டுக்கூடத்தில், அப்போதே பெரும்பெயர் பெற்றிருந்த, கூடைக்கு அருகே நின்று ஆடும் ‘சென்டர்’ ஆட்டக்காரர் மோசஸ் மலோனிடம் இடிபட்டு இடிபட்டே தேறினார். உடலை ஒரு பக்கம் சாய்த்து எதிராளியை நம்பவைத்து, ஊன்றிய காலில் சுழன்று மறுபக்கம் பந்தை வீசும் அவருடைய ‘ட்ரீம் ஷேக்’ உத்திக்கு உயரத்தைவிடக் கால்களின் பழக்கமே முதல். மைதானத்தில் உங்கள் மகனின் பயிற்சியாளரிடம், அவனுடைய உயரத்தை விட்டுவிட்டுக் கால் அசைவுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

1995-இல் என்பிஏவின் மேற்குப் பிரிவு இறுதியில் ஒலாஜுவானின் அணியிடம் தோற்ற எதிரணி நட்சத்திரம் டேவிட் ராபின்சன், அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் கணிதத்தில் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டுகள் கடற்படையில் பணியாற்றிய பிறகே என்பிஏவுக்கு வந்தவர். உங்கள் தம்பி இதைச் சொல்லியிருக்கமாட்டார்!

நம் நாட்டு நிலவரம் வேறு. 2015-இல் டல்லஸ் அணி தேர்ந்தெடுத்த பஞ்சாபின் சத்னம் சிங், ஏழடிக்கு மேல் உயரமிருந்தும் என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை. இங்கே கூடைப்பந்து வீரருக்கு மாதச் சம்பளம் பெரும்பாலும் ரயில்வே, வங்கி, வருமானவரி, காவல்துறை ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் கிடைக்கிறது. அதற்கும் கல்வித்தகுதி கேட்கிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆட வேண்டுமானால் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே பள்ளியை விட்டால் ஆட்டத்திலேயே பாதி வாசல் அடைபட்டுவிடும்.

படிப்பையும் பயிற்சியையும் சேர்த்துத் தரும் விளையாட்டு விடுதிகளைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. அதற்கான தேர்வு எப்போது என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் இந்த வாரமே விசாரியுங்கள். இடம் கிடைக்காவிட்டால், கூடைப்பந்து அணி உள்ள பள்ளியில், அவன் சிரமமின்றித் தேறக்கூடிய பாடப்பிரிவில் சேருங்கள். வணிகவியல் எடுப்பதில் குறைவொன்றும் இல்லை. பின்னாளில் உடற்கல்வி ஆசிரியராக விரும்பினால், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே அதற்கான துறை இருக்கிறது.

இதுவரை அவன் வாங்கிய சான்றிதழ்களை எடுத்துவைத்து, பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருந்தாலும், வழங்கிய சங்கத்திடம் இப்போதே திருத்தி வாங்கிவிடுவது நல்லது.