பிரசவப் பைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியில் உள்ள பிறையில் வசிக்கிறோம். எனக்கு இது ஏழாவது மாதம்; தலைப்பிரசவம். என் சம்பளம் 2,900 வெள்ளி (ரிங்கிட்). பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் கணவருக்கு 3,600 வெள்ளி. கையில் 11,000 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. பினாங்குத் தீவில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவத்திற்கு 6,500 வெள்ளி, அறுவைச் சிகிச்சை என்றால் 13,500 வெள்ளி என்கிறார்கள். மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை என்று தோழிகள் தந்த பட்டியல்களைக் கூட்டினால் 2,400 வெள்ளி வருகிறது. எல்லாம் அடங்கிய ஆயத்தப் பை ஒன்று 799 வெள்ளி. அதை மூன்று தவணைகளில் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். பால் உறிஞ்சும் கருவி 950 வெள்ளி. என் சேமநிதியின் மூன்றாவது கணக்கில் இருக்கும் ஏறத்தாழ 2,000 வெள்ளியை எடுத்து இவற்றை வாங்கிவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம், சகோதரி. உங்கள் சம்பளத்தில் உங்கள் பங்கான 11 விழுக்காடும் முதலாளியின் பங்கான 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 700 வெள்ளி ஊழியர் சேமநிதிக்குச் செல்கிறது. 2024 மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டதிலிருந்து அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 70 வெள்ளி மட்டுமே, மூன்றாவது கணக்கு என்று நாம் பேச்சில் சொல்லும் நெகிழ்வுக் கணக்கில் விழுகிறது. இன்று எடுக்கும் 2,000 வெள்ளியை மீண்டும் அங்கே சேர்க்க இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். அந்தப் பணத்துக்கு இதைவிட அவசரமான வேலை ஒன்று வரக்கூடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பையைப் பார்ப்போம். கடைக்காரர் தரும் ஆயத்தப் பையைப் பிரித்து ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலை போட்டுப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்ட பணம் அழகான பைக்கும், ஒரே நிறத்தில் அடுக்கிவைத்த அழகுக்கும், நீங்கள் பயன்படுத்தாமலே போகக்கூடிய சிறு சிறு புட்டிகளுக்கும் போயிருப்பது தெரியும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இப்படிப்பட்ட வியாபாரத்தைத்தான். மூன்று தவணை என்பதும் சலுகையாகாது. கடைசித் தவணை வரும் நாளில் நீங்கள் பச்சைக் குழந்தையோடு தூக்கமில்லாமல் இருப்பீர்கள். அதைக் கட்ட மறந்தால் தாமதக் கட்டணமும் சேரும்.

உண்மையில் தேவைப்படுபவை மிகக் குறைவு. நான்கு பாத்தேக் கைலிகள், முன்பக்கம் பொத்தான் வைத்த இரண்டு மூன்று சட்டைகள், பிரசவத்திற்குப் பின் பயன்படுத்தும் நீளமான அணையாடைகள் இரண்டு கட்டு, குழந்தைக்கு ஐந்து மாற்றுத் துணிகள், சுற்றிப் படுக்கவைக்கும் துணிகள், மிகச் சிறிய அளவு பேம்பர்ஸ் ஒரே ஒரு சிறு கட்டு, துவாலை, சோப்பு, வெந்நீர்க் குடுவை, செருப்பு, நீளமான கம்பி உள்ள கைப்பேசி சார்ஜர். வீட்டில் இருப்பவற்றைக் கழித்துவிட்டு மற்றதைப் புதிதாக வாங்கினாலும் 300 வெள்ளிக்குள் அடங்கிவிடும். சிறிய அளவு பேம்பர்ஸை மலிவு விற்பனையில் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்காதீர்கள். கொஞ்சம் எடை கூடப் பிறக்கும் குழந்தை அந்த அளவைச் சில வாரங்களிலேயே தாண்டிவிடும். அரசாங்க மருத்துவமனைகள் தாய்ப்பாலையே முன்னிறுத்துவதால் பால்மாவு, பால்புட்டி, அதைக் கொதிக்கவைக்கும் இயந்திரம் ஆகியவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

குழந்தைத் துணிகளை வளைகாப்பு முடியும் வரை வாங்கவே வாங்காதீர்கள். பிறக்கும் முன் பிள்ளைக்குப் பொருள் சேர்க்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதை மூடநம்பிக்கை என்று இளையவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள்; வரவுசெலவுக் கணக்கு எழுதும் என் கண்ணுக்கு அது நல்ல சிக்கனமாகவே படுகிறது, ஏனென்றால் உறவினர்கள் கொண்டுவருவதில் பாதி குழந்தைத் துணியாகத்தான் இருக்கும். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்தால் அதைவிட மென்மையான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரே ஓர் எச்சரிக்கை: பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்த துணி எதையும் குழந்தைக்கு அணிவிக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதிலுள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும்; குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா என்று நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறந்தவுடனே பரிசோதிப்பது இதனால்தான். காமாலை வந்தால் நீல விளக்கின் கீழ் நாள்கணக்கில் படுக்கவைக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் அந்த ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் உண்டு.

பால் உறிஞ்சும் கருவிக்கு வரிவிலக்கு உண்டு என்று விற்பவர்கள் சொல்வார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, வரிக்குரிய வருமானத்தில் 1,000 வெள்ளி வரை கழிவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஆண்டுச் சம்பளமான 34,800 வெள்ளியிலிருந்து தனிநபர்க் கழிவு 9,000 வெள்ளியையும் சேமநிதிச் சந்தாவையும் நீக்கினால் 22,000 வெள்ளி அளவே மிஞ்சும். அதற்கான 200 வெள்ளிச் சொச்ச வரியையும் 400 வெள்ளி வரித் தள்ளுபடி முழுதாக விழுங்கிவிடுகிறது. கட்டாத வரிக்குக் கழிவு கிடைத்து என்ன பயன்? வேலைக்குத் திரும்பும் மாதத்தில், உண்மையிலேயே தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கான 2,000 வெள்ளிக் கழிவை மட்டும் கணவர் பெயரில் கோருங்கள்; தள்ளுபடிக்குப் பிறகு அவருக்கு மிஞ்சும் சொற்ப வரியை அது துடைத்துவிடும்.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். 6,500 வெள்ளி என்பது எல்லாம் நல்லபடியாக நடந்தால் வரும் தொகை. முதுகுத்தண்டில் போடும் வலிநிவாரண ஊசி, குழந்தை மருத்துவரின் கட்டணம், குழந்தையின் பெயரில் தனியாக எழுதப்படும் பில், கூடுதல் நாள்கள், வலி எடுத்து எட்டு மணி நேரம் கழித்து முடிவாகும் அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் எவையெல்லாம் அந்தத் தொகைக்குள் வருகின்றன என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர்களின் தொழில்முறைக் கட்டணத்துக்கு 2006ஆம் ஆண்டு விதிமுறைகளின் பதின்மூன்றாவது அட்டவணை உச்சவரம்பு வைத்திருக்கிறது. அறை, மருந்து, பஞ்சு, கையுறை போன்றவற்றுக்கு மருத்துவமனை விதிக்கும் கட்டணத்துக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. பில் வீங்குவது பெரும்பாலும் அங்கேதான். உங்களிடம் மருத்துவ அட்டை இருந்தாலும் அதை நம்ப முடியாது, வழக்கமான மருத்துவக் காப்புறுதியில் பிரசவமும் அதற்கான அறுவைச் சிகிச்சையும் விலக்கப்பட்டிருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பட்டியலில் உள்ளதை எல்லாம் சேமிப்பிலிருந்து வாங்கிவிட்டால் கையில் 8,600 வெள்ளி. அறுவைச் சிகிச்சை என்றால் 4,900 வெள்ளி குறைகிறது. எதுவுமே வாங்காவிட்டாலும்கூட 2,500 வெள்ளி குறைகிறது, குழந்தைக்குத் தீவிரப் பராமரிப்பு தேவைப்பட்டால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். இந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டு நான் என்றால் உங்கள் பக்கத்திலேயே உள்ள செபராங் ஜெயா அரசாங்க மருத்துவமனையைத்தான் தேர்ந்தெடுப்பேன். குடிமக்களுக்கு அங்கே மூன்றாம் வகுப்பு வார்டில் ஆகும் செலவு தனியார் முன்பணத்தின் அருகில்கூட வராது. சிக்கல் வந்தால் நீங்கள் பாலம் கடந்து போக வேண்டியதுமில்லை. அறையில் தனிமை இருக்காது, கணவர் இரவில் உடன் தங்க முடியாது என்பவை உண்மையான குறைகள்தான். அவை பல ஆயிரம் வெள்ளி பெறுமா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். தனியார்தான் என்று முடிவானால், அந்த நெகிழ்வுக் கணக்கு 2,000 வெள்ளி அப்போது தேவைப்படும்; அதுவும் போதாமல் போகலாம்.

பையில் பணமதிப்பு மிகுந்தது காகித உறைதான். இருவரின் அடையாள அட்டை நகல்கள், சுகாதாரக் கிளினிக்கில் தந்த இளஞ்சிவப்புக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம், திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுவிடுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டு தேசியப் பதிவிலாகாவில் திருமணத்தைப் பதியாதவர்களுக்குக் குழந்தையின் பிறப்புப் பதிவிலும் கணவரின் நிறுவனச் சலுகையிலும் சிக்கல் வரும். நீங்கள் பதிந்திருந்தால் இந்த வரியைத் தாண்டிவிடலாம். கணவரின் நிறுவனம் பிரசவச் செலவுக்கு ஏதேனும் தருகிறதா, தருமானால் முன்கூட்டியே உத்தரவாதக் கடிதம் தருமா அல்லது நாம் கட்டிவிட்டுப் பிறகு கோர வேண்டுமா என்று மனிதவளப் பிரிவில் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். பிறகு கோருவதென்றால் விவரமான பில்லும் அசல் ரசீதும் இல்லாமல் ஒரு காசும் வராது. பிறப்பை 60 நாள்களுக்குள் பதிந்துவிட வேண்டும்.

மாத வருமானத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். 2023 ஜனவரி முதல் சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுப்பு 98 நாள்கள். பிரசவத்துக்கு 30 நாள்களுக்கு முன்பிருந்தே அதைத் தொடங்கலாம் என்றாலும், கூடுமானவரை தள்ளித் தொடங்கினால் குழந்தையோடு அதிக நாள் இருக்கலாம். ஓராண்டு பணி முடித்த கணவருக்கு ஏழு நாள்கள் உண்டு. அதற்கு அவர் 30 நாள்களுக்கு முன்பே முதலாளியிடம் அறிவிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கப்படி நீங்கள் அம்மா வீட்டுக்குப் போவீர்களா? சுங்கைப்பட்டாணி போன்ற ஊருக்குப் போய் அங்கே வலி எடுத்தால், வண்டி அங்குள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்குத்தான் போகும், தீவுக்குப் போகாது. எந்த வாரத்தில் எங்கே இருப்பீர்கள் என்பதைக் கிளினிக் தாதியிடம் சொல்லிப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது முடிவாகும் வரை எந்தத் தனியார் மருத்துவமனைக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.