டாட்டிங் லேஸ் துவைச்சதும் அலை அலையா நிக்குதா? முதல்ல துணியப் பாருங்க

டாட்டிங்னா, ஷட்டில்ங்கற படகு மாதிரி சின்னக் கருவியில நூல் சுத்தி, முடிச்சு முடிச்சா கையால போடற லேஸ். அதுல வட்டமா இழுத்து மூடறது ரிங், ரிங்குகள இணைக்கற வளைவு செயின். குடியாத்தத்துல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "அக்கா, கைத்தறி வெள்ளைத் துணியில தலகாணி உறை தெச்சு வாயைச் சுத்தி டாட்டிங் லேஸ் போட்டேன். போட்டப்போ நல்லாத்தான் இருந்துச்சு, ஒருவாட்டி துவைச்சதும் லேஸ் அலை அலையா நிக்குது, அயர்ன் பண்ணாலும் அப்டியே கீது. அப்புறம் சில ரிங்கு மூடவே மாட்டேங்குது, இழுத்தா நூலு அறுந்துடுது. அடுத்து டீப்பாய் துணிக்கு நாலு பக்கமும் போடணும், எப்டிக்கா?"

உங்க லேஸ் மேல தப்பே இல்லமா, சுருங்கினது துணிதான். தறித்துணி கஞ்சியோட வரும், முதல் தண்ணில கஞ்சி போயி நீளத்துலயும் அகலத்துலயும் நல்லா சுருங்கும், ஆனா நீங்க போட்ட மெர்சரைஸ்டு (பளபளப்பு ஏத்தின) குரோஷா நூல் அவ்ளோ சுருங்காது, அதனால துணி சின்னதாயிடுது லேஸ் அதே நீளத்துல நிக்குது, வேற எங்க போகும், அலையாத்தான் நிக்கும். அதனால துணிய வெட்டறதுக்கு முன்னாடியே ராத்திரி பூரா ஊற வெச்சு ரெண்டுவாட்டி துவைச்சு காயவெச்சு தேய்ச்சிடுங்க, அப்புறம்தான் கத்திரி.

இப்ப போட்டதத் தூக்கிப் போட்றாதீங்க ப்ளீஸ், அவ்ளோ கை வேலை அது. தையல மட்டும் பிரிச்சு லேஸ எடுத்துடுங்க. டாட்டிங் பூரா முடிச்சுதானே, குரோஷா மாதிரி ஒரு நூல இழுத்தா கடகடன்னு அவுந்து வராது. அதிகமா இருக்கற ரிங்க கழிக்க செயின் நடுவுல வெட்டி, ஊசி முனையால நாலஞ்சு முடிச்ச அவுத்தீங்கன்னா கட்டறதுக்கு நூல் கெடச்சிடும்.

ரிங் மூடாத விஷயம், இதுதான் முக்கியம். ஷட்டில் நூல் உள்ள நேரா ஓடணும், இடது கையில சுத்தியிருக்கற நூல்தான் அது மேல முடிச்சா விழணும். நீங்க ஷட்டில விட்டு எடுக்கும்போது முதல்ல முடிச்சு ஷட்டில் நூல்லதான் இருக்கும், அப்போ இடது கை விரலத் தளர்த்திட்டு ஷட்டில் நூல டைட்டா இழுங்க, முடிச்சு டக்குனு மாறி கை நூலுக்குப் போயிடும், அதுக்கப்புறம் நடுவிரலத் தூக்கி அத முன்னாடி முடிச்சுக்கிட்ட தள்ளுங்க. ஒவ்வொரு அரை முடிச்சுக்கும் ஷட்டில் நூல முன்ன பின்ன இழுத்துப் பாருங்க, முடிச்சு வழுக்கிட்டு ஓடுச்சுன்னா சரி, ஓடலன்னா அங்கயே அவுத்துடுங்க, ஒரே ஒரு முடிச்சு மாறாம நின்னாக்கூட ரிங் மூடாது, பலமா இழுத்தா அறுந்துதான் போகும். நம்ம ஊர் வெயில்ல கை வேர்த்து நூல் பிசுக்காயிட்டாலும் வழுக்காது, அதனால காலைல போடறது நல்லது, பக்கத்துல ஒரு துண்டு வெச்சுக்கோங்க.

நூல் நம்பர் ஏற ஏற மெல்லிசு. வீட்டுத் துணிக்கு 20 நம்பர் சரியா இருக்கும், 10 கொஞ்சம் முரடு, 80 கர்ச்சீப்புக்கு அழகு ஆனா கண்ணு போயிடும். கலர் நூல்னா, முக்கியமா சிவப்பு, ஈர வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

டீப்பாய் துணிக்கு ஈஸியான டிசைன்: ரிங்குக்கு 5 டபுள் (ரெண்டு அரை முடிச்சு சேந்த முழு முடிச்சு), பிக்காட் (முடிச்சுக்கு நடுவுல விடற சின்ன நூல் வளையம்), 5, பிக்காட், 5, பிக்காட், 5, மூடுங்க. திருப்பிப் போட்டு செயின் 5, பிக்காட், 5. மறுபடி திருப்பி அடுத்த ரிங், 5 போட்டதும் பழைய ரிங்கோட கடைசி பிக்காட்ல ஜாயின் பண்ணி மிச்சத்தப் போடுங்க. செயின் பக்கம் துணியோட சேரும். பட்டை ரிங் பக்கமா உள்ள வளைஞ்சா செயின்ல முடிச்சு ஜாஸ்தி, செயின் பக்கமா வளைஞ்சா கம்மி, ஒண்ணு ரெண்டு கூட்டிக் கொறைச்சா நேராயிடும். மூலைல மட்டும் நடுவுல செயின் இல்லாம மூணு ரிங்க ஒண்ணோட ஒண்ணு சேத்து மூணு இலை மாதிரி போட்டீங்கன்னா திரும்பறதுக்கு இடம் கெடைக்கும், இழுக்காது.

நீளத்துக்கு 10 ரிங் சாம்பிள் போட்டு துவைச்சு தேய்ச்சு அளந்துக்கோங்க. அது 5 இஞ்ச் வந்தா 20 இஞ்ச் பக்கத்துக்கு 40 ரிங். இந்தக் கணக்கு இல்லாம ஆரம்பிக்கவே கூடாது.

தைக்கும்போது துணியோட ஓரத்த முதல்ல மடிச்சு அடிச்சிடுங்க. லேஸயும் துணியயும் நாலு சமபாகமா பின் குத்தி, செயின்ல இருக்கற பிக்காட்டுக்கு ரெண்டு தையல், அடுத்த பிக்காட்டுக்குப் போற நூல மடிப்புக்குள்ள ஓட்டிடுங்க, வெளிய தெரியாது.

துவைக்கறது கையாலதான், முறுக்காதீங்க. போர் தண்ணி உப்பா இருந்தா சோப்பு படிஞ்சு வெள்ளை நூல் பழுப்பாயிடும், கடைசி அலசல மட்டும் காவேரி தண்ணில பண்ணுங்க. ஈரம் இருக்கும்போதே டவல் மேல கவுத்துப் போட்டு பின்பக்கமா அயர்ன வெச்சு வெச்சு எடுங்க, இழுக்காதீங்க, இழுத்தா பிக்காட் எல்லாம் ஒரு பக்கமா படுத்துடும்.