வியன்னாவுக்குப் போன படங்கள்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க வியன்னா போனபோது கலை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஸ்பெயின் இளவரசி மார்கரீட்டாவை வெலாஸ்கெஸ் வரைந்த மூன்று படங்களைப் பார்த்தேன். மூன்று, ஐந்து, எட்டு வயதுகளில் வரைந்தவை. கல்யாணத்துக்காக அனுப்பியவை என்றார் வழிகாட்டி. மூன்று வயதுக் குழந்தைக்குமா? முகத்தில் ஏன் சிரிப்பே இல்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

வழிகாட்டி சொன்னது முக்கால்வாசி சரி. மூன்று வயதில் வரைந்த இளஞ்சிவப்பு உடைப் படம் போனபோது வியன்னாவில் ஆண்டுகொண்டிருந்தவர் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட், குழந்தையின் தாய்வழித் தாத்தா. மகள் வயிற்றுப் பேத்தியை அவர் பார்க்க வேண்டாமா?

பெண் பார்க்கும் படமாக அதற்கு முன்பே, 1653-இல், போனது அக்கா மரியா தெரசாவுடையது. அவர்களுடைய அப்பா, ஸ்பெயின் அரசர் நான்காம் ஃபிலிப்பின் மூத்த தாரத்து மகள். உடையில் இரண்டு கடிகாரங்கள் தொங்கும் அந்தப் படமும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஆனால் 1659-இல் பிரான்சோடு சமாதானம் ஆனது; மறு ஆண்டு அவள் பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயிக்கு மனைவியானாள். வியன்னாவுக்கு மிஞ்சியவள் இளையவள் மார்கரீட்டா. மாப்பிள்ளை, ஃபெர்டினாண்டின் மகன் லியோபோல்டு, அவளுடைய அம்மா மரியானாவின் கூடப்பிறந்த தம்பி. தாய்மாமன் கல்யாணம் நமக்குப் புதிதா என்ன? இங்கே மரியானாவும் தன் தாய்மாமன் ஃபிலிப்பைத்தான் கட்டியிருந்தாள். முதலில் நிச்சயித்தது ஃபிலிப்பின் மகனுக்கு. அவன் 1646-இல் இறந்துபோக, 1649-இல் அப்பாவே கட்டிக்கொண்டார். மணப்பெண்ணுக்கு வயது 14.

சிரிப்பு விஷயம். அரச குடும்பத்துப் படத்தில் பல்லைக் காட்டக் கூடாது. அசையாமல் நிற்பதுதான் கௌரவம். முகத்தில் ஓவியருக்குப் பெரிய சுதந்திரம் கிடையாது. உடையில் இருந்தது. 1659-இல், எட்டு வயதில் வரைந்த படத்தின் நீல உடையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளிச் சரிகை என்று எதுவுமே இல்லை, அவசரமாக இழுத்த வெளிர்த் தீற்றல்கள்தான். நாலடி பின்னால் வந்தால் சரிகை மின்னுகிறது. எனக்கென்னவோ இளஞ்சிவப்புப் படம்தான் ஒசத்தி. மூடிய விசிறியைப் பிடித்திருக்கும் அந்தக் கை அசல் குழந்தைக் கை.

வெலாஸ்கெஸ் 1660-இல் இறந்துவிட்டார். 1666-இல் மார்கரீட்டாவை வரைந்தவர் அவருடைய மருமகன் மாசோ. படம் மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பா இறந்த துக்கத்துக்குக் கறுப்பு உடை. அந்த ஆண்டே வியன்னாவில் கல்யாணம்; 1673-இல், 21 வயதில், இறந்துபோனாள். மாமனாரின் வீச்சு மருமகனுக்கு இல்லைதான். ஆனால் அந்த முகத்தின் களைப்பை அவர் பூசி மறைக்கவில்லை.